தம் பிடித்துப் பேசுவது

"மூச்சு விடாமப் பேசுவா" என்று யாரைப் பற்றியாவது சொல்கிறோம். யோசித்துப் பார்த்தால் அந்த ஆள் செய்வது முழுக்க மூச்சு விடுவதுதான். இழுக்கத்தான் அவருக்கு நேரமில்லை. "தம் பிடிச்சுப் பேசறான்" என்ற வழக்கு உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது. பேசும்போது மார்புத் தசைகள் என்ன செய்கின்றன என்று ஊசி வைத்துப் பார்த்தவர்கள் கண்டதும் ஏறக்குறைய அதைத்தான். நெஞ்சு நிறைய இழுத்துவிட்டுப் பேசத் தொடங்கினால், முதல் பகுதியில் தசைகள் காற்றை வெளியே தள்ளுவதே இல்லை. தானாக ஓடிவிடப் பார்க்கும் காற்றைப் பிடித்து வைக்கின்றன.

சடுகுடு ஆடியவர்கள் இதைப் பெயர் தெரியாமலே அறிந்தவர்கள். கோட்டைத் தாண்டுமுன் பாடிப் போகிறவர் நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்வார். "கபடி கபடி" முதல் சில விநாடிகள் அலட்டிக்கொள்ளாமல் வரும். இன்றைய விதிப்படி ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. முடியும் தறுவாயில் அவர் வயிற்றைப் பாருங்கள், முதுகோடு ஒட்டியிருக்கும். தோள் குவிந்திருக்கும், வார்த்தை தேய்ந்து வெறும் "ப்டி ப்டி" ஆகியிருக்கும். தொடக்கத்தில் உடம்பு செய்த வேலையும் முடிவில் செய்கிற வேலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஆனால் நடுவர் காதுக்குப் பாட்டு அறுபடாமல் கேட்க வேண்டும். நம் சாதாரணப் பேச்சும் இதேதான், வியர்வை மட்டும் இல்லை.

பேச எவ்வளவு அழுத்தம் வேண்டும்? வீட்டிலேயே அளந்து பார்த்துவிடலாம். உயரமான கண்ணாடி டம்ளர் ஒன்றில் தண்ணீர் நிரப்புங்கள். (எவர்சில்வர் டம்ளரில் குமிழி தெரியாது.) ஸ்ட்ராவின் நுனியிலிருந்து 5 சென்டிமீட்டரில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை தண்ணீருக்குள் இறக்கி, காகிதக் கிளிப்பால் டம்ளர் விளிம்போடு பிடித்துவிடுங்கள். இப்போது ஊதிக் குமிழிகளை 5 விநாடி விடாமல் வரவழையுங்கள். ஸ்ட்ராவுக்குள் நிற்கும் 5 சென்டிமீட்டர் தண்ணீரைக் கீழே தள்ளினால்தான் முதல் குமிழி வெளியே வரும். அதாவது உங்கள் ஊதல் 5 சென்டிமீட்டர் தண்ணீர் அளவு அழுத்தத்தைத் தாண்டியிருக்கிறது. அமெரிக்கப் பேச்சு விஞ்ஞானி தாமஸ் ஹிக்ஸனும் அவருடைய சகாக்களும் 1982-இல் எழுதிய சோதனை இது. 5 சென்டிமீட்டர், 5 விநாடி. இதைச் செய்ய முடிகிறவருக்கு அன்றாடப் பேச்சுக்கு வேண்டிய மூச்சு பலம் இருக்கிறது என்பது கணக்கு. ஒரே எச்சரிக்கை, கன்னத்தை உப்பி வாயாலேயே ஏமாற்றிவிடலாம். குழந்தைகள் முதலில் அதைத்தான் செய்வார்கள்.

பேசும்போது குரல்வளையில் இரண்டு குரல்நாண்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. கீழே மூச்சுக்குழாயில் காற்று முட்டுகிறது. முட்டல் போதுமான அளவு ஆனதும் நாண்கள் விலகி ஒரு பிடி காற்று நழுவும், உடனே நாண்கள் திரும்ப ஒட்டும். ஆண்களுக்கு விநாடிக்குச் சுமார் 100 முறைக்கு மேல், பெண்களுக்குச் சுமார் 200 முறை இது நடக்கிறது. நாண்கள் அதிரத் தொடங்கவே கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் அழுத்தம் வேண்டும். சாதாரணமாகப் பேச 5 முதல் 10 வரை, நடுவாக 7 என்று வைத்துக்கொள்வோம். நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டலமே 1,033 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்கு அழுத்திக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கு மேல் ஒரு சதவீதம்கூட இல்லாத உபரியில்தான் இந்த உலகத்தின் அரட்டை, வழக்கு, பேரம் எல்லாம் நடக்கின்றன. டாக்டர் கையில் பட்டை சுற்றி 120 என்று சொல்லும் ரத்த அழுத்தத்தை இதே அளவுக்கு மாற்றினால் 160-ஐத் தாண்டும்.

ஆரோக்கியமான ஒருவர் முழு பலத்தோடு ஊதினால் 100 சென்டிமீட்டரை எட்டலாம். பிறகு 7 சென்டிமீட்டருக்கு என்ன கஷ்டம்? பலத்தில் கஷ்டமில்லை. அந்த 7-ஐ வாக்கியத்தின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, நுரையீரல் காலியாகிக்கொண்டே இருக்கும்போது, அப்படியே நிறுத்தி வைப்பதில்தான் இருக்கிறது.

ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? வாசிப்பவர் பின்பக்கத் துருத்தியை ஒரே சீராக அடிப்பதில்லை. உள்ளே ஸ்பிரிங் வைத்த இன்னொரு துருத்தி இருக்கிறது. அடித்த காற்றை அது வாங்கி வைத்து, ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்து, ரீடுகளுக்கு அனுப்புகிறது. நம் உடம்பில் அந்த இரண்டாவது துருத்தி கிடையாது. இருக்கிற ஒரே துருத்தியிலும் ஸ்பிரிங் வேலை இடத்துக்கு இடம் மாறுகிறது.

அந்த ஸ்பிரிங் உண்மையில் இரண்டு. நுரையீரல் எப்போதும் சுருங்கப் பார்க்கும். விலா எலும்புகளால் ஆன மார்புக்கூடு, அதே இடத்தில், விரியப் பார்க்கும். நடுவில் மெல்லிய சவ்வுகளும் கொஞ்சம் திரவமும் இரண்டையும் ஒட்டவைத்து, ஒன்றை ஒன்று விடாமல் பிடித்திருக்கின்றன. விபத்தில் மார்பில் துளை விழுந்து காற்று இடையில் புகுந்தால் நுரையீரல் சுருண்டுவிடும், மார்பு கொஞ்சம் உப்பும். அதுவரை இருவரும் இழுபறியில் இருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. ஒரு பெருமூச்சு விட்டுச் சும்மா இருந்து பாருங்கள். காற்று போவதும் வருவதும் நின்ற அந்த நொடியில் இரண்டு ஸ்பிரிங்கும் சமமாக நிற்கின்றன. இழுத்து விடக்கூடிய மொத்தக் காற்றில் ஏறக்குறைய 40 சதவீதம் அப்போதும் உள்ளே மிச்சமிருக்கும். மொத்தம் என்பது ஆண்களுக்குச் சுமார் 4 முதல் 5 லிட்டர், பெண்களுக்கு 3 லிட்டருக்குச் சற்று மேல். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இழுத்து விடுவது அரை லிட்டர்தான்.

இந்தச் சமநிலைக்கு மேலே நிரப்பினால் ஸ்பிரிங் தானாகக் காற்றை வெளியே தள்ளும். கீழே காலி செய்தால் தானாக உள்ளே இழுக்கும். எந்த அளவில் எவ்வளவு தள்ளும், எவ்வளவு இழுக்கும் என்ற வரைபடத்தை 1946-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரான், ஓட்டிஸ், சாட்விக், ஃபென் என்ற நால்வர் வெளியிட்டார்கள். உயரத்தில் பறக்கும் போர் விமானிகள் அழுத்தக் காற்றைச் சுவாசிப்பது பற்றிய ஆராய்ச்சியில் இருந்தவர்கள் அவர்கள். பேச்சைப் பற்றி அவர்களுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பேச்சை ஆராய்ந்தவர்களுக்கு அந்த வளைகோடுதான் அடிப்படையாக அமைந்தது.

அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நெஞ்சு முழுக்க இழுத்து வைத்தால் ஸ்பிரிங் மட்டும் 30 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளுகிறது. பேசத் தேவை 7. அப்படியே விட்டால் முதல் வார்த்தை கத்தலாக வெடித்து, மூன்றாவது வார்த்தைக்குள் காற்று தீர்ந்துவிடும். எனவே மூச்சை இழுக்க உதவிய தசைகளே, விலா எலும்புகளுக்கு இடையே வெளிப்புறமாக ஓடுபவை முக்கியமாக, காற்று வெளியேறும்போதும் பிடியை விடாமல் மெல்ல மெல்லத் தளர்கின்றன. கிணற்றில் வாளியை இறக்குவது மாதிரி. கனத்தில் வாளி தானாக இறங்கும். இருந்தாலும் கை கயிற்றை விட்டுவிடுவதில்லை, நழுவவிட்டு நழுவவிட்டு இறக்குகிறது. ஸ்பிரிங் தரும் அழுத்தமும் தேவையான 7-உம் சமமாகும் இடத்தில் கைக்கு ஒரு கணம் வேலையில்லை. அதற்குக் கீழே கதை மாறும். இப்போது தசைகள் காற்றைத் தள்ள வேண்டும். விலாக்களுக்கு உள்பக்கமாக உள்ள தசைகள் மார்புக்கூட்டைச் சுருக்குகின்றன. அதுவும் போதாமல் போனால் வயிற்றுத் தசைகள் முழு மூச்சாக இறங்குகின்றன, கடைசியில் முதுகுத் தசைகள்கூட. சடுகுடு ஆட்டக்காரரின் ஒட்டிய வயிறு அந்தக் கட்டம்.

இது தெரிவதற்கு முன் நிலவிய கருத்து வேறு. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் இருந்த ரேமண்ட் ஸ்டெட்சன் 1928-இல் ஒவ்வொரு அசைக்கும் மார்புத் தசை ஒரு தனித் துடிப்பு கொடுக்கிறது என்றார். கேட்க அழகான கருத்து. அசை என்றால் என்ன என்ற பழைய கேள்விக்கு உடம்பிலேயே விடை கிடைத்துவிடும் அல்லவா? 1950-களில் எடின்பரோவில் டிரேப்பர், லாடஃபோகட், விட்டரிட்ஜ் மூவரும் விலா இடைத் தசைகளில் மின்முனை ஊசிகளைச் செருகி, உணவுக்குழாயில் சிறு பலூனை இறக்கி அழுத்தத்தை அளந்து, பேசச் சொல்லிப் பார்த்தார்கள். அசைக்கு ஒரு துடிப்பு வரவில்லை. வந்தது மேலே சொன்ன வரிசைதான், முதலில் பிடிப்பது, பின்பு தள்ளுவது. 1959-இல் அது வெளியானது. அழுத்தம் கொடுத்துச் சொல்லும் இடங்களில் சின்ன உந்தல் இருக்கிறது என்ற அளவுக்கு ஸ்டெட்சனுக்கு மிச்சம் கிடைத்தது. பீட்டர் லாடஃபோகட் பிற்காலத்தில் நம் நீலகிரித் தோடர் மொழியின் ஒலிகளையும் ஆராய்ந்தவர். 2006 ஜனவரியில், இந்தியப் பயணம் முடிந்து திரும்பும் வழியில் லண்டனில் காலமானார்.

சரி, தினமும் பேசும்போது நெஞ்சு முழுக்கவா இழுக்கிறோம்? இல்லை. சுமார் 60 சதவீதம் வரை நிரப்பிக்கொண்டு தொடங்கி, 40-ஐ ஒட்டி, சமநிலை வரும் இடத்தில் முடித்து, மறுபடி இழுக்கிறோம். வரைபடத்தில் அந்தப் பகுதியைப் பார்த்தால் உடம்பின் சிக்கனம் புரியும். ஸ்பிரிங் தானாகக் கொடுக்கும் அழுத்தம் அங்கேதான் பேச்சுக்கு வேண்டியதை ஒட்டி இருக்கிறது. கொஞ்சம் பிடித்தால் போதும், கொஞ்சம் தள்ளினால் போதும். யாரும் சொல்லித் தராமல் எல்லா மொழிக்காரர்களும் அந்த மலிவான பகுதியிலேயே பேசுகிறார்கள். "சொல்லவந்ததைச் சொல்லி முடிச்சிடறேன்" என்று பிடிவாதமாகத் தொடரும்போதுதான் கீழே இறங்கி, கடைசிச் சொற்கள் கரகரத்து நசுங்குகின்றன.

எடின்பரோ ஆட்கள் ஒரு விஷயத்தைத் தவறவிட்டார்கள். அவர்கள் கணக்கில் வயிறு கடைசியில்தான் வேலைக்கு வருகிறது. 1970-களில் ஹிக்ஸன், ஹார்வர்டில் இருந்த ஜியர் மீடு, கோல்ட்மேன் ஆகியோர் மார்பிலும் வயிற்றிலும் காந்தச் சுருள்களை ஒட்டி இரண்டும் தனித்தனியே எவ்வளவு அசைகின்றன என்று அளந்தபோது வேறு கதை தெரிந்தது. நின்றோ உட்கார்ந்தோ பேசும்போது வயிற்றுச் சுவர் பேச்சு முழுவதும், முதல் வார்த்தையிலிருந்தே, இறுகி இருக்கிறது. தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றபடி ஒரு நீண்ட வாக்கியம் சொல்லிப் பாருங்கள். பிறகு பாயில் மல்லாந்து படுத்து அதையே சொல்லுங்கள். படுத்த நிலையில் கை மேல் அந்த இறுக்கம் இருக்காது. குடலும் ஈரலும் தம் கனத்தாலேயே, நெஞ்சையும் வயிற்றையும் பிரித்து நிற்கும் மூச்சிழுக்கும் தசையான உதரவிதானத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளிக்கொடுப்பதால் தசைக்கு விடுமுறை.

நிற்கும்போது ஏன் இறுகுகிறது? இரண்டு காரணம். பற்பசைக் குழாயை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் உப்பும் அல்லவா, அதுபோல மார்பு கொடுக்கும் சிறு தள்ளல் தளர்ந்த வயிற்றில் உப்பி வீணாகாமல் நேரே குரல்வளைக்குப் போக வேண்டும். இன்னொன்று எனக்கு இன்னும் பிடித்த காரணம். உள்ளே ஒட்டிய வயிறு உதரவிதானத்தைக் குடை மாதிரி மேலே வளைத்து, நீட்டி வைக்கிறது. நீண்ட தசை சட்டென்று, பலமாகச் சுருங்கும். பேச்சுக்கு நடுவே மூச்சிழுக்க நமக்குக் கிடைப்பது அரை விநாடி. சும்மா இருக்கும்போது ஒரு மூச்சின் நேரத்தில் 40 சதவீதம் இழுப்பதற்கும் 60 விடுவதற்கும் போகும். பேசும்போது இழுப்பதற்குச் சுமார் 10 சதவீதம்தான். அந்த அவசரத்துக்கு உதரவிதானம் வில்லில் ஏற்றிய நாண் போல முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

தொல்காப்பியத்தின் பிறப்பியல் "உந்தி முதலா முந்துவளி தோன்றி" என்று தொடங்குகிறது. உந்தி என்றால் கொப்பூழ். அங்கிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்று நின்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் ஆகியவற்றால் எழுத்தாகிறது என்பது நூற்பாவின் போக்கு. வயிற்றில் பேச்சுக்கான காற்று இல்லை. இதை வைத்துக்கொண்டு முன்னோருக்கு உதரவிதானம் தெரிந்திருந்தது என்று முழங்குவது அதிகப்படி. ஆனால் பேசும் தன் உடம்பையே கவனித்த ஒருவர் தொடக்கப் புள்ளியைக் கொப்பூழில் வைத்தார் என்றால் அவர் கவனித்தது சரிதான், அங்கே ஒன்று இறுகுகிறது. "நாபியிலிருந்து பாடு" என்று பாட்டு வாத்தியார்கள் சொல்வதும் அந்த இறுக்கத்தைத்தான்.

இந்த 7 சென்டிமீட்டர் தமிழ் எழுத்திலேயே வேலை காட்டும் ஒரு இடம் உண்டு. "விடு", "விட்டு" இரண்டையும் குரல்வளையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள். "விடு"வில் அதிர்வு அறுபடாமல் ஓடும். "விட்டு"வில் ட்ட் வரும்போது ஒரு கணம் அடங்கிவிடும். குரல்நாண் அதிர வேண்டுமானால் கீழே உள்ள அழுத்தம் மேலே உள்ளதைவிட 2, 3 சென்டிமீட்டராவது கூட இருக்க வேண்டும். நாக்கு அண்ணத்தை அடைத்ததும் வாய்க்குள் காற்று சேர்ந்து அங்கே அழுத்தம் ஏறுகிறது. அடைப்பு குறுகியதாக இருந்தால் ஏறி முடிப்பதற்குள் திறந்துவிடும், அதிர்வு தப்பிக்கும். நீண்ட நேரம் அடைத்தால் மேலும் கீழும் சமமாகி, காற்று ஓட வழியில்லாமல் அதிர்வு நிற்கும். ஒற்றை மெய் உயிர்களுக்கு நடுவே மெலிந்தும், இரட்டித்த மெய் வலிந்தும் ஒலிக்கும் நம் வழக்கம் இந்த இயற்பியலோடு அழகாகப் பொருந்துகிறது. "தம்பி"யும் "தப்பு"ம் அப்படித்தான். "ம்"மில் மூக்கு வழி திறந்திருப்பதால் காற்றுக்குப் போக இடம் உண்டு, அந்த வேகத்திலேயே "பி"யும் அதிர்ந்துவிடுகிறது.

இதே அடைப்பை ஆய்வாளர்கள் அளவுகோலாகவும் பயன்படுத்துகிறார்கள். மூச்சுக்குழாய்க்குள் ஊசி போட்டுத்தான் பேச்சழுத்தத்தை நேரடியாக அளக்க முடியும், யார் சம்மதிப்பார்கள்? அதற்குப் பதிலாக உதட்டோரம் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து "பீ பீ பீ" என்று சொல்லச் சொல்கிறார்கள். "ப்"புக்கு உதடு மூடியிருக்கும் நொடியில் குரல்வளை திறந்திருப்பதால், நுரையீரலில் உள்ள அழுத்தமும் வாயில் உள்ள அழுத்தமும் ஒன்றே.

சத்தமாகப் பேசுவதற்கு வருவோம். அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் ஒலி 8 அல்லது 9 டெசிபல் உயரும், கூடவே சுருதியும் கொஞ்சம் ஏறும். கத்துகிறவர் குரல் கீச்சென்று மேலே போவதற்கு அதுவும் ஒரு காரணம். காய்கறி வண்டிக்காரர் "தக்காளீ..." என்று இழுக்குமுன் நன்றாக நிரப்பிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். மேலிருந்து தொடங்கினால் ஸ்பிரிங்கே பாதி வேலையைச் செய்துவிடும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாள் முழுக்கப் பேசும் ஆசிரியர்களுக்கு இது வாய்ப்பதில்லை. அவசரத்தில் அரைகுறையாக இழுத்து, குறையும் அழுத்தத்தைத் தொண்டையை இறுக்கி ஈடுகட்டுகிறார்கள். மாலையில் தொண்டை கட்டுவதற்கு மிளகு பால் குடிக்கலாம், ஆனால் தப்பு தொண்டையில் தொடங்கவில்லை.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பது, அது அறுந்த இடத்தில்தான் துல்லியமாகத் தெரிகிறது. கழுத்தின் கீழ்ப்பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு உதரவிதானம் தப்பிவிடும், அதற்கான நரம்பு கழுத்தின் மேல்பகுதியிலிருந்தே புறப்படுகிறது. விலா இடைத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் போய்விடும். இழுக்க முடியும், தள்ள முடியாது. குரல் மெலிந்து, வாக்கியங்கள் துண்டு துண்டாகும். இவர்களுக்குப் பேச்சு சிகிச்சையாளர்கள் சொல்லித் தருவது வழக்கத்தைவிட அதிகமாக இழுத்துக்கொண்டு பேசுவதை. தசை போனாலும் ஸ்பிரிங் போகவில்லை, அதற்கு நரம்பு தேவையில்லை. வயிற்றைச் சுற்றி ஒரு அகலமான பட்டையை இறுகக் கட்டினால் போன தசையின் வேலையில் ஒரு பகுதியை அது செய்யும். பேச்சின் நீளம் கூடுவதை வீட்டில் உள்ளவர்களே கவனிக்கிற அளவுக்கு மாற்றம் தெரிவதும் உண்டு.

அடி இன்னும் மேலே பட்டு, தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டர் பொருத்தியவர்கள் நிலை வேறு. குழாய் குரல்வளைக்குக் கீழே நுழைவதால், காற்று வருவதும் போவதும் குரல்நாண்களைத் தொடாமலே முடிந்துவிடுகிறது. தசைச்சிதைவு நோயால் இந்த நிலைக்கு வந்த டேவிட் மியூர் என்ற அமெரிக்க இளைஞர் 1980-களில் இதற்கு ஒரு வழி யோசித்தார். ஒருவழி வால்வு. காற்று குழாய் வழியாக உள்ளே வரும், வெளியே போகும்போது வால்வு மூடிக்கொள்வதால் மேலே குரல்வளை வழியாகத்தான் போயாக வேண்டும். காற்று மேலே கசியாமல் அடைக்கக் குழாயைச் சுற்றி ஒரு சிறு பலூன் இருக்கும், அதைக் காற்றிறக்கி வைத்தால்தான் இது நடக்கும். இல்லையென்றால் காற்று போக வழியே இருக்காது. பாஸி மியூர் வால்வு என்று அவர் பெயரோடு இன்றும் மருத்துவமனைகளில் இருக்கிறது.

வால்வு இல்லாமல், பலூனை மட்டும் இறக்கிப் பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் பேசுவது பெரும்பாலும் நமக்கு நேர் எதிரான நேரத்தில், இயந்திரம் காற்றை உள்ளே அனுப்பும்போது. கசியும் காற்று மேலே ஏறி நாண்களை அதிரவைக்கிறது. பிடித்து வைக்கும் தசை ஏதுமில்லாததால் அழுத்தம் விறுவிறுவென்று ஏறி, உடனே சரிகிறது. குரல் திடீரென்று உரத்து, திடீரென்று அணைகிறது. நாம் மூச்சிழுக்க நிறுத்துவது "வந்து", "பார்த்துட்டு", "என்று" போன்ற இடங்களில். அவர்களுக்கு நிறுத்தம் எங்கே விழும் என்பது வென்டிலேட்டர் கையில், ஒரு சொல்லின் நடுவிலும் விழலாம். கேட்பவர் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். கட்டிலில் இருப்பவர் வாயைத் திறந்தபடி, இயந்திரத்தின் அடுத்த சுற்றுக்காகக் காத்திருப்பார்.